ஓர் அறை, நான்கு வயது

கோவையிலே முதல் நூற்பாலை எழுந்தது 1888-இல். அதன்பின் கொங்குத் தாய்மார்கள் நூற்ற நூல் நாட்டின் மானம் காத்தது. அவர்தம் மழலையை யார் காத்தார், தோழரே?

ஐம்பது பெண்களுக்கு மேல் உழைக்கும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். 1976-இல் ஐம்பது முப்பதாயிற்று. காப்பகம் என்றால் தொட்டில் மட்டுந்தானா?

இரண்டு வயதுக்கு மடி வேண்டும், பாட்டு வேண்டும். மூன்று வயது ‘ஏன், ஏன்?’ என்று துளைக்கும். சலிக்காமல் விடை சொல்ல ஆள் வேண்டும். நான்கு வயது மணி கோக்கும், புளியங்கொட்டை எண்ணும், நாம் சொன்ன கதையை நமக்கே திருத்திச் சொல்லும்! அந்த விரல்கள் பழகிய பிறகன்றோ ஐந்து வயதில் எழுத்து?

காசுள்ளவர் வீட்டு மூன்று வயதுப் பிஞ்சின் கையில் பென்சிலைத் திணிக்கிறார்கள். அதற்குக் கட்டணமும் கட்டுகிறார்கள்! இல்லாதவர் வீட்டுப் பிஞ்சுகளோ, இரண்டு முதல் ஐந்து வரை, அங்கன்வாடியின் ஒரே அறையில். உதவியாளர் அடுப்படியில், பணியாளர் ஒருவரே பாட்டும் சொல்லி, எடையும் பார்த்து, பதிவேடும் எழுத வேண்டும்.

2019-இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் மலர்ந்தன. 2022-இல் அவற்றைக் கைவிட முடிவெடுத்தனர், எதிர்ப்பு எழுந்தது, முடிவு மாறியது. நன்று! ஆனால் தமிழகத்து அங்கன்வாடிகள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். ஏனைய மையங்களின் பிள்ளைகள் செய்த குற்றமென்ன?

ஒவ்வொரு மையத்துக்கும் இரண்டாவது ஆசிரியை வேண்டும். ஆலைச் சங்கு ஊதுமுன் கதவு திறக்க வேண்டும். அடுத்த கிராமசபையில் எழுந்து இதைக் கேளுங்கள், தோழரே. தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.