நீலக்கால் அம்மணி

சிலந்தி என்றாலே நம் கை விளக்குமாற்றைத் தேடும். மூலையில் ஒட்டடை கட்டும் சின்னஞ்சிறு சிலந்திக்கே அந்தக் கதி என்றால், காலை விரித்தால் ஒரு சாண் அகலம் வரும் சிலந்தியைக் கண்டால் கேட்கவா வேண்டும்! ஆனால் வாசகர்களே, அடிப்பதற்கு முன் அதன் கால்களைக் கொஞ்சம் பாருங்கள். மயில் கழுத்தைப் போல நீலமாக மின்னுகின்றனவா? அப்படியானால் அது நம் தீபகற்பத்தையும் சிங்கப்பூரையும் தாயகமாகக் கொண்ட மரச்சிலந்தி.

வெளிநாட்டார் இதைச் 'சிங்கப்பூர் நீலம்' என்கிறார்கள். 1924-இல் ஆபிரகாம் என்ற ஆய்வாளர் இட்ட 'வயலேசியோபெஸ்' என்ற பெயருக்கு 'ஊதாக்கால்' என்று பொருள். பாலத்துக்கு இந்தப் பக்கம் வாழும் ஜொகூர்க்காரர்களான நமக்கு இது அண்டை வீட்டுக்காரிதான்.

வீட்டுக்காரி என்று சொல்லக் காரணம் உண்டு. இந்த நீலப் பட்டு வளர்ந்த பெண்ணுக்குத்தான். ஆணுக்கு வாய்த்தது மங்கிய பழுப்பு. அந்த நீலமும் சாயமல்ல. ரோமத்தின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதால் தோன்றுவது.

உயர்ந்த மரங்களின் பொந்தில் நூல் விரித்து, அம்மணி பகலெல்லாம் உள்ளேயே இருப்பாள். இரவில் வாசலில் காத்திருந்து, கரப்பானோ வெட்டுக்கிளியோ நடக்கும் அதிர்வைக் காலால் உணர்ந்து பாய்ந்து பிடிப்பாள். பெண் பல ஆண்டுகள் வாழும். ஆணோ பருவம் வந்ததும் பொந்தை விட்டுத் துணை தேடி அலைந்து, சில மாதங்களில் மடிந்துவிடும். வழி தவறிச் சுவரேறி வருவது பெரும்பாலும் இந்த அப்பாவி மாப்பிள்ளைதான்.

கடிக்குமா? சீண்டினால் கடிக்கும். வலியும் தசைப்பிடிப்பும் கடுமையாக இருக்கும். உடனே டாக்டரிடம் போக வேண்டும். ஆகவே வெறுங்கையால் தொடாதீர்கள். ஆனால் மனிதரைத் தேடி வந்து கடிக்கும் குணம் இதற்கு இல்லை.

உண்மையில் ஆபத்து அதற்குத்தான். முதிர்ந்த மரம் சாய்ந்தால் அதன் வீடும் சாய்கிறது. அழகே மற்றோர் எமன். கூண்டில் வளர்ப்போர் விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஆந்திராவில் இதைப் போலவே ஒரு நீலச் சிலந்தி உண்டு. 1899-இல் குத்தி ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒன்றைக் கொண்டு அதற்குப் பெயரிட்டார்கள். அது வாழும் காட்டைக் கண்டுபிடிக்க 2001 வரை ஆயிற்று. இன்று அது அழிவின் விளிம்பில் நிற்கிறது.

அந்த நிலை நம் அம்மணிக்கு வர வேண்டாம். பிடித்துத் தந்தால் காசு என்று யாரேனும் பிள்ளைகளிடம் ஆசை காட்டினால், வேண்டாமென்று சொல்லிக்கொடுங்கள். வழி தவறி வந்ததை வாளியால் மூடி, அட்டையை அடியில் செருகி, மர ஓரத்தில் விட்டுவிடுங்கள். விளக்குமாறு வாசல் பெருக்க இருக்கட்டும்.