பழைய ஆட்டமும் பால்ய மயக்கமும்

பழைய கணினி விளையாட்டொன்றை மீண்டும் எடுத்து ஆடுபவரைக் காணுந்தோறும், அவர் விரும்புவது அந்த விளையாட்டையன்று, கழிந்துபோன தமது பால்யத்தையே என்று தீர்ப்புக் கூறிவிடுவது, விற்பவர் வாங்குபவர், மூத்தோர் இளையோர் என்ற பேதமின்றி எல்லாரிடத்தும் ஊறிப்போன வழக்கமாகிவிட்டது. வெள்ளவத்தைக் காலி வீதியிற் கணினி திருத்தும் கடைகளிலும், கொட்டாஞ்சேனையிற் பிள்ளைகள் ரியூசன் முடிந்து கூடும் சந்திகளிலும், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவின் மாடிகளிலும் இந்த அபிப்பிராயத்தைப் பல உருவங்களிற் கேட்டிருக்கிறேன். "அந்தக் காலத்துக் கேமை இப்ப ஆர் விளையாடுறது?" என்பது அதன் எளிய உருவம், "எல்லாம் ஒரு ஞாபக சுகந்தான்" என்பது அதன் படித்த உருவம். இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள் என்பதையும், அப்பிழை வெறும் அறியாமையோடு நில்லாது தீங்கும் பயக்கின்றது என்பதையும் எடுத்துரைப்பதே என் நோக்கம்.

எதிர்க்கட்சியின் கூற்றிலே உண்மை சிறிதும் இல்லையென்று நான் வாதிக்கவில்லை. ஞாபகத்துக்கு ஒரு மயக்கும் சக்தி உண்டு. தொண்ணூறுகளின் இறுதியிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் கொழும்பில் வளர்ந்த ஒருவருக்கு டேஞ்சரஸ் டேவ், ரோட் ராஷ், ப்ரொஜெக்ட் ஐ.ஜி.ஐ., வைஸ் சிட்டி என்னும் பெயர்களைக் கேட்ட மாத்திரத்தே, மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து அமர்ந்த நெற் கபேயின் வெக்கையும், முதுகுக்குப் பின்னால் நின்று வழி சொன்ன தோழர்களின் கூச்சலும் நினைவில் எழத்தான் செய்யும். பழையன யாவும் உத்தமம் என்று கைகூப்பும் வேறொரு கூட்டத்தாரும் இருக்கின்றனர். அவர்களுடைய பக்தியும் விசாரணையற்றதே. விசையை அழுத்தினாலும் அசையாத நாயகர்களும், நியாயமேயில்லாத மரணங்களும், ஆடுபவரின் பொறுமையைக் கொன்று நேரத்தை நிரப்பும் கட்டங்களும் அக்காலத்து விளையாட்டுகளில் மலிந்திருந்தன. ஆயின், பழையவற்றுட் பல தரங்குறைந்தவை என்பதிலிருந்து, பழையதொன்றில் ஒருவர் காணும் தரமெல்லாம் பிரமையே என்னும் முடிவு எங்ஙனம் பெறப்படும்?

பிரமையா குணமா என்று நிச்சயிப்பதற்கு ஓர் எளிய பரீட்சை உண்டு. ஞாபகம் என்பதே இல்லாத ஒருவர் கையில் அந்த விளையாட்டைக் கொடுத்துப் பார்ப்பதே அது. அலெக்ஸி பஜித்னோவ் 1984இல் மாஸ்கோவிலே ஆக்கிய டெட்ரிஸ், 1989இல் நின்டெண்டோப் பொறிக்கென ஒரு வடிவம் பெற்றது. அவ்வடிவத்தை 157ஆம் படிவரை ஆடி, நிரலே மேற்செல்லமாட்டாது உறைந்துபோகும் எல்லையை மனிதருள் முதன்முதலாக 2023 டிசெம்பரில் எட்டியவர் வில்லிஸ் கிப்சன் என்னும் அமெரிக்கச் சிறுவர். அப்போது அவருக்கு வயது 13. தாம் பிறப்பதற்கு வெகுகாலத்துக்கு முன்பே வெளிவந்த ஆட்டமொன்றில் அவர் எந்தப் பால்யத்தைத் தேடினார்?

அமெரிக்கா வரை போகவும் வேண்டியதில்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடியொன்றில் வளரும் பள்ளிச் சிறுமியான என் தமக்கையின் மகளுக்கு, ஒரு விடுமுறைக் காலத்தில் ப்ரின்ஸ் ஒஃப் பெர்சியாவைக் கொடுத்தேன். ஜோர்டன் மெக்னர் 1989இல் அப்பிள் II கணினிக்கென ஆக்கிய அந்த விளையாட்டிலே, பாதாளச் சிறையினின்றும் தப்பி 60 நிமிஷங்களுக்குள் இளவரசியை மீட்கப் புறப்படும் வீரனுக்கு ஒரு கட்டத்திற் கண்ணாடியொன்று குறுக்கிடும்; அதனூடே பாய்ந்தால் அவனுடைய நிழல் அவனைப் பிரிந்து மறுபுறம் ஓடிவிடும். பின்னொரு கட்டத்தில் அந்நிழல் அவன் அருந்தவேண்டிய மருந்தைத் தான் குடித்துவிடும். வேறொரு கட்டத்தில் அவன் புகவேண்டிய வாயிலை அடைத்து அவனைப் பள்ளத்தில் வீழ்த்தும். 12ஆம் கட்டத்தில் வாளேந்தி எதிரே வந்து நிற்கும். அதுவரை பட்ட கோபமெல்லாம் சேரச் சிறுமி வாளை வீசினாள். நிழலின்மேற் பட்ட அடி அவளுடைய உயிரிலேயே ஒன்றைக் குறைத்தது. "மாமா, அவனுக்கு அடிச்சா எனக்கெல்லோ குறையுது!" என்றாள். நான் விடை சொல்லவில்லை. சற்று நேரம் திரையையே பார்த்திருந்துவிட்டு, கீழ்நோக்கிய விசையை அழுத்தி வாளை உறையிலிட்டாள். நிழலும் தன் வாளை உறையிலிட்டது. இருவரும் ஒருவரையொருவர் நோக்கி நடந்து ஒருவராயினர். அவள் முகத்தில் அப்போது தோன்றிய வியப்புக்கு எந்தப் பழைய ஞாபகமும் காரணமன்று. கண்முன்னே இருந்த ஆட்டத்தின் அறிவே காரணம்.

அந்த நிழல் பிறந்த வரலாறும் நம் விவாதத்துக்கு இன்றியமையாதது. மெக்னர் தம் தம்பியை ஓடவும் பாயவும் செய்து படம்பிடித்து, அவ்வசைவுகளைச் சட்டம் சட்டமாக வரைந்து வீரனுக்கு உயிரூட்டியிருந்தார். அவ்வோவியங்களே கணினியின் சிறிய நினைவகத்தை நிரப்பிவிட்டமையால், எதிரிகளுக்கெனப் புதிய ஓவியங்களைச் சேர்க்க இடமில்லாது போயிற்று. அந்நிர்ப்பந்தத்தில், வீரனின் உருவத்தையே மயிரிழை தள்ளி அதன்மேலேயே பொருத்திக் கணித்தபோது, வெளிக்கோடுகள் மாத்திரம் மினுங்கும் நிழலுருவம் ஒன்று தோன்றியது. வறுமையிலிருந்து இவ்வாறு ஒரு பாத்திரம் பிறந்தது; அப்பாத்திரத்திலிருந்து, தன்னைத் தானே பகைப்பவன் தன்னையே அழிப்பான் என்னும் கருத்து, ஒரு வசனமுமின்றி ஆடுபவரின் விரல்வழியே உணரத்தக்கதாயிற்று. ஒரு விளையாட்டின் ஜீவன் அதன் விதிகளிலும், அவ்விதிகள் ஆடுபவர்க்கு இடும் எல்லைகளிலும், அவ்வெல்லைகளுக்குள்ளே அவர் கண்டுபிடிக்கும் சுதந்திரத்திலும் உறைவது. 2000ஆம் ஆண்டில் வந்த ப்ரொஜெக்ட் ஐ.ஜி.ஐ.யில், ஒரு பணியின் நடுவே நிலையைச் சேமித்துவைக்க வழியில்லை. அதைக் குறையென்றே பலரும் சொல்வர். ஆயினும் அந்த ஒரு விதியே, வேலிக்கு வெளியே படுத்து தூரதரிசினியாற் காவலரின் நடையைக் கணித்து, ஒவ்வோர் அடியையும் அஞ்சி அஞ்சி வைக்கும் கவனத்தை நமக்குப் பழக்கியது.

படங்கள் மூப்படைகின்றன என்பது மெய். இன்று கண்ணைப் பறிக்கும் படமும் பத்தாண்டில் மங்கிவிடும். ஆகவே படத்தைக் கொண்டு விளையாட்டை அளப்பவர், தாம் இன்று போற்றுவதையும் நாளை தூற்றக் கடமைப்பட்டவராவார். கொட்டாஞ்சேனை வீடுகளின் முன்விறாந்தையிலே கரம் போர்ட்டைச் சூழ்ந்திருப்பவரைப் பார்த்து, நீர் உமது பால்யத்தை நினைந்து உருகுகிறீர் என்று எவரும் சொல்வதில்லை. அப்பலகையின் ஓரமும் காயும் குழியும் தம்முள் கொண்டுள்ள கணக்கு எக்காலத்தும் செல்லும் என்பதை யாவரும் ஒப்புகின்றனர். மரப்பலகைக்கு அளிக்கும் நியாயத்தைத் திரைக்கு மறுப்பதற்கு வியாபாரப் பழக்கமன்றி வேறு காரணம் இல்லை.

இனி, இந்த நம்பிக்கை விளைக்கும் தீங்கைக் காண்போம். பழையது ஞாபகத்துக்கு மட்டுமே உதவும் என்று மக்கள் ஒப்புக்கொண்டபின், அதை அழிப்பதற்கு அதன் உரிமையாளர்கள் கூச வேண்டியதில்லை. வைஸ் சிட்டியையும் அதன் முன்னும் பின்னுமாக வந்த இரண்டையும் புதுக்கி 2021 நவம்பரில் வெளியிட முனைந்த ரொக்ஸ்டார் நிறுவனம், அதற்கு முந்திய மாதத்திலேயே மூல வடிவங்களை இணையக் கடைகளினின்றும் அகற்றிற்று. புதுக்கியவை வழுக்கள் மலிந்து வந்தமையால், பகிரங்கமாக வருத்தந் தெரிவித்து, கணினிக்குரிய மூல வடிவங்களை மீண்டும் விற்பனைக்கு வைக்க நேர்ந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளுள் நூற்றுக்கு 87 விற்பனையிலேயே இல்லையென்று, வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது. உலகெங்கும் தேடி வாங்கக்கூடிய செல்வ நாட்டின் நிலையே இதுவாயின், நம் நிலையை விரித்துரைக்க வேண்டியதில்லை. டொலரொன்றின் பெறுமதி 200 ரூபாவளவிலிருந்து சில மாதங்களுள் 350 ரூபாவைக் கடந்த 2022ஆம் ஆண்டிலே, புதிய விளையாட்டு கேட்கும் புதிய கணினியை எத்தனை வீடுகள் வாங்கியிருக்கக்கூடும்? பழைய மடிக்கணினியும் அதில் ஓடும் பழைய விளையாட்டுமே பல பிள்ளைகளுக்கு எட்டிய செல்வம். அதை இழிவென்று கற்பிப்பது, கையிலிருக்கும் நல்லதை அவர்கள் தாமே வெறுக்கச் செய்வதாகும்.

புதுக்குவதற்கு நான் பகைவனல்லேன். 1999இல் வெளிவந்த ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் II, தன் விதிகளின் கட்டுக்கோப்பு குலையாமற் படமும் ஒலியும் புதுக்கப்பெற்று 2019இல் மீண்டும் வந்தது. 2022 ஏப்ரலில் அதற்கு வெளியான விரிவாக்கமொன்றில் திராவிடர் தனி நாகரிகமாகச் சேர்க்கப்பட்டனர்; இராஜேந்திர சோழனின் படையெடுப்புகள் ஆடும் கதையாயின; திரிசடை என்னும் பெயரோடு போர்க்கப்பல் கடலில் இறங்கிற்று; குடியானவரும் வீரரும் தமிழிலே மறுமொழி கூறினர். முதலில் வெளிவந்து ஏறக்குறைய 23 ஆண்டுகள் கழிந்தபின் ஒரு விளையாட்டுக்குள் நம் மொழி ஒலித்ததென்றால், அதை விடாது ஆடிக்கொண்டிருந்தோரின் பற்றே அதற்கு வழிகோலிற்று. அவர்களை மயக்கத்திலிருப்பவர் என்று தள்ளியிருந்தால் இது நேர்ந்திராது.

ஊடகம் மாறும் காலங்களில், ஒருவரேனும் எடுத்துக் கடத்தாத படைப்பு அழிந்தே போகும் என்பதைத் தமிழர் பிறரிடம் கற்க வேண்டியதில்லை. செல்லரித்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1887இலே கலித்தொகையை அச்சேற்றியவர் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகமே, பின்னர் நூலகம் என்னும் எண்ணிமச் சேகரத்தையும் தொடங்கிற்று. விளையாட்டை இலக்கியத்தோடு சமமென்று நான் நிறுவப் புகவில்லை. ஆயினும் மனிதர் தம் புத்தியைச் செலவிட்டு ஆக்கிய எதையும், அது பழையது என்னும் ஒரே குற்றத்துக்காக அழியவிடுவது நமக்கு அடுக்காது.

ஆகவே வாசகர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அலுமாரிகளில் தூசிபடிந்து கிடக்கும் இறுவட்டுகளைக் குப்பைக்கு அனுப்புமுன், அவை வாசிக்கத்தக்க நிலையில் இருக்கும்போதே நகலெடுத்து வையுங்கள். பழைய டொஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓடச் செய்யும் டொஸ்பொக்ஸ் போன்ற நிரல்கள் விலையின்றியே கிடைக்கின்றன. பிள்ளைகளுக்கு அவற்றைக் காட்டுங்கள். காலி வீதியிலும் கொட்டாஞ்சேனையிலும் நெற் கபே நடத்தியவர்களும் அங்கு ஆடியவர்களும், எதை ஆடினோம், எப்படி ஆடினோம் என்பதை எழுதிவையுங்கள். பின்னர் ஒரு பழைய விளையாட்டை எடுத்து முதலிலிருந்து முடிவுவரை ஆடி, நன்றாயின் நன்றென்றும் தீதாயின் தீதென்றும் துணிந்து சொல்லுங்கள். ஆடிப் பாராது தீர்ப்புரைக்கும் உரிமை எவருக்கும் இல்லை.