கோபுரத்தைக் காட்டினால் போதுமா?

விடுமுறைக்கு ஊர் திரும்பும் நம் மாணவர்களிற் சிலர், இங்குள்ள வடநாட்டு நண்பர் ஒருவரையோ இருவரையோ உடன் அழைத்துச் செல்கின்றனர். நல்ல வழக்கந்தான். ஆனால் மதுரைக்கு அழைத்துச் சென்று அவர்களுக்கு என்ன காட்டுகிறோம்? இசைத்தூணைத் தட்டிக் காட்டுகிறோம். ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் 985 என்று கணக்குச் சொல்லுகிறோம். பொற்றாமரைக் குளக்கரையில் ஒரு சுற்று. அதோடு முடிந்தது மீனாட்சியம்மன் கோயில்!

வந்த நண்பரோ வேறொன்றைக் கேட்கிறார்: “எங்கள் பக்கத்தில் இறைவன் தலைக்குமேல் சிகரம் ஓங்கி நிற்கிறது. உங்கள் ஊரில் வாசலுக்குமேல் ஓங்கி நிற்பானேன்?” கேள்வி நியாயமானது. காசியில் நம் பல்கலைக்கழக வளாகத்திலேயே 1966இல் கட்டி முடிந்த புதிய விசுவநாதர் கோயில் இருக்கிறது. சுமார் 250 அடிச் சிகரம் கருவறைக்கு நேர்மேலே நிற்கிறது. மதுரையிலோ 160 அடிக்கும் உயர்ந்த தெற்குக் கோபுரம் வெளிமதிலின் மேல் நிற்கிறது. சுந்தரேசுவரரின் விமானத்தைக் காண இடந்தேடி அலைய வேண்டும்!

நாமும் ஒரு காலத்தில் சிகரத்தையே உயர்த்தினோம். 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலில் விமானம் 200 அடியைத் தாண்டுகிறது. வாயிற் கோபுரங்கள் அதற்கு அடங்கி நிற்கின்றன. பின்வந்தோர் பல ஊர்களில் பழைய கருவறையைத் தொடாது விட்டு, அதனைச் சுற்றி மதிலும் மண்டபமுமாக வளர்த்தனர். வெளியே வர வரக் கோபுரம் உயர்ந்தது. கலை தளர்ந்ததன் அடையாளம் இது என்று எழுதுவோர் உண்டு. யான் அதனை ஒப்பேன். கோயில் வளர்ந்து ஊரான கதை அது. மதிலுக்குள் ஆடி வீதி. வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என ஒன்றைச் சூழ்ந்து ஒன்றாக மதுரை நகரமே கருவறையைச் சுற்றிக் கிடக்கிறது. அந்தத் தெற்குக் கோபுரத்தை 1559இல் எழுப்பியவரும் மன்னர் அல்லர்; செவ்வந்தி மூர்த்திச் செட்டியார்!

உள்ளே சென்றாலும் அமைப்பு பேசுகிறது. கிழக்கே அட்டசக்தி மண்டபத்தின் வழியாக நுழைந்தால் நேரே அம்மன் சந்நிதிக்குத்தான் வழி. அம்மைக்கே முதல் வணக்கம். பிறகுதான் வடபுறம் திரும்பி, முக்குறுணிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, சுவாமி சந்நிதிக்குச் செல்லுகிறோம். சிவனுக்கு இடப்பாகத்தவள் என்று நாம் சொல்லும் தேவி, இங்கே அவனுக்கு வலப்புறத்தில் தனிக்கோயில் கொண்டு கிழக்கு நோக்கி நிற்கிறாள். பாண்டிய நாட்டின் அரசி அன்றோ! வெள்ளியம்பலத்தில் ஆடவல்லானும் வழக்கத்தை மாற்றி வலக்காலைத் தூக்கி ஆடுகிறான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, மதிலுக்கும் வாயிலுக்கும் இருந்த மற்றொரு வேலையை மறைத்துவிடலாமா? ஒவ்வொரு மதிலும் ஓர் எல்லை. இவன் இதுவரை வரலாம், அவன் அதற்குமேல் வரக்கூடாது என்று நெடுங்காலம் ஆள் பிரித்தவையும் இவையே. ‘கோபுர தரிசனம் கோடி புண்ணியம்’ என்கிறோம். உள்ளே போக வழியிருப்பவனுக்கு அது இனிய பழமொழி. தெருவிலேயே நிறுத்தப்பட்டவனுக்கோ கிடைத்த தரிசனமே அவ்வளவுதான்! திருப்புன்கூரில் நந்தனாருக்காக நந்தி விலகிற்று என்று பெருமை பேசுகிறோம். நந்தி விலகியது, வாயில் திறக்கவில்லையே!

மதுரையில் அது திறந்த நாள் 1939ஆம் ஆண்டு ஜூலை 8. அன்று வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட வகுப்பினரையும் நாடார் வகுப்பினர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு உள்ளே சென்றார். பின்னாளில் அமைச்சராக விளங்கிய கக்கன் அவர்களுள் ஒருவர். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. இராஜாஜியின் அரசு அதே ஆண்டில் சட்டம் இயற்றி அந்நுழைவுக்குக் காப்பளித்தது. 1934இல் மதுரைக்கு வந்தும் கோயிலுக்குள் செல்லாத காந்தியடிகள், 1946இல்தான் மீனாட்சியை வணங்கினார்.

கடைசி வாயில் கருவறையின் வாயில். அர்ச்சகர் பதவியில் பரம்பரை உரிமையை நீக்கும் சட்டம் 1970இல் நிறைவேறியது. பயிற்சி பெற்ற பல சாதியினரையும் தமிழக அரசு அர்ச்சகராக நியமித்ததோ 2021 ஆகஸ்டில். நடுவே ஐம்பது ஆண்டு! வெளிமதிலைக் கடப்பதைவிட அந்த ஒரு படியைக் கடப்பது எத்துணை அரிதாயிற்று, பாருங்கள்.

வடநாட்டுக் கோயில்கள் பலவற்றில் தம் கையாலேயே இலிங்கத்துக்கு நீர் வார்த்துப் பழகியவர் நம் நண்பர். அர்த்த மண்டபத்துக்கு வெளியே நிற்கும்போது, “இதற்குமேல் போகக்கூடாதா?” என்று அவர் கேட்பார். ஆகமத்தின் பெயரைச் சொல்லிப் பேச்சை மாற்றிவிடாமல் முழுக் கதையையும் சொல்லுங்கள். அடுத்த பொங்கல் விழாக் கண்காட்சியில் நம் சங்கத்தார் மதுரைக் கோயிலின் வரைபடம் ஒன்று வைத்தால், கோபுரங்களின் உயரத்தோடு அந்த 1939 ஜூலை 8ஐயும் வாயிலருகே எழுதி வைக்கட்டும், தமிழிலும் இந்தியிலும்.