சோளத்துக்குப் பருவம் இருக்கு, பெட்டிக்கு இல்லை

'சீரியல்' எண்டு சொன்னால் எங்கட வீடுகளில முதல் ஞாபகம் வாறது இரவில ஓடுற தொலைக்காட்சி நாடகம்தான். இது அதைப் பற்றின கட்டுரை இல்லை. காலையில கோப்பையில கொட்டிப் பால் ஊற்றிச் சாப்பிடுற, பெட்டியில் அடைத்த சோளம், கோதுமை, ஓட்ஸ் வகையறாவைப் பற்றினது. ஆனால் ரெண்டுக்கும் ஒரு ஒற்றுமை இருக்கு. 'அடுத்து என்ன வருமோ' எண்டு ஆளைக் காக்க வைக்கிறதிலதான் ரெண்டினதும் வியாபாரம் நடக்குது.

அமெரிக்காவின் சுப்பர்மார்க்கெட்டுகளில் கோடை முடியும்போதே ஹலோவீனுக்கான பேய்ப்படப் பெட்டிகள் தட்டில் ஏறிவிடும். கூடவே இலையுதிர் காலத்துக்கென்று பூசணி மசாலாச் சுவை வரும். அது முடிய நத்தார் மரமும் பனியும் போட்ட பெட்டி. எல்லாவற்றின் மூலையிலும் ஒரே வசனம்: குறுகிய காலத்துக்கு மட்டும். அவற்றை வாங்கி, கமராவுக்கு முன்னால் திறந்து, ருசி பார்த்துப் புள்ளி போடுகிற காணொளிகளை இங்கே இருந்து நாங்களும் பார்க்கிறம். பத்து நிமிசக் காணொளியில் சுவையைப் பற்றி எல்லாம் கதைப்பினம். அந்தப் பெட்டி ஏன் இருக்கு எண்டு மட்டும் ஒருத்தரும் கேக்கிறதில்லை.

எங்கட வாதம் இதுதான். பெட்டியின் படத்தையும் மேலே தூவுகிற வாசனையையும் மாற்றிக்கொண்டே இருந்தால், மாற வேண்டிய மற்றவற்றைப் பற்றிக் கேட்க யாருக்கும் நேரம் வராது. சீனியின் அளவு, தொழிலாளியின் சம்பளம், சந்தை யாருடைய கையில் இருக்கிறது என்ற கேள்வி எல்லாம் அந்தப் பெட்டிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும்.

ஒரு உதாரணத்தை வைத்தே தொடங்குவோம். ஜெனரல் மில்ஸ் கொம்பனி 1971இல் 'கவுண்ட் சொக்கியூலா', 'ஃபிராங்கன் பெரி' என்ற இரண்டு சீரியல்களைக் கொண்டுவந்தது. ஒன்றில் டிராகுலா, மற்றதில் ஃபிராங்கன்ஸ்டைனின் பூதம். கொஞ்சம் பிந்தி 'பூ பெரி' என்ற ஆவியும் சேர்ந்தது. இவை ஏறத்தாழ நாற்பது வருசம் எல்லா மாதமும் கடையில் கிடைத்த சாதாரணச் சாமான்கள். 2010இல் கொம்பனி ஒரு முடிவெடுத்தது: இனி இவை ஹலோவீன் காலத்தில் மட்டும்தான் விற்கப்படும்.

கவனியுங்கோ. சோளம் கிடைக்காமல் போகவில்லை. கொக்கோ விளைச்சல் நிண்டுபோகவில்லை. வருசத்தின் பெரும்பகுதிக்குத் தட்டிலிருந்து எடுத்ததுதான் நடந்தது. அதோடு சாதாரணச் சாமான் 'நிகழ்வு' ஆகிவிட்டது. சின்ன வயதில் இதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இப்போது ஒவ்வொரு ஆண்டும் தேடிப்போய் இரண்டு மூன்று பெட்டியாக வாங்கி அடுக்குகிறார்கள். 2013இல் எப்போதோ நிறுத்தப்பட்ட இன்னும் இரண்டு பூதங்களையும் எழுப்பிக்கொண்டு வந்து, ஐந்து பேரும் ஒன்றாக எண்டு கொண்டாடினார்கள். ஆட்களின் சின்ன வயது ஞாபகத்தைப் பூட்டி வைத்து, வருசத்துக்கு ஒருக்கால் திறந்து காசு வாங்கிற வேலை இது.

இந்த ஃபிராங்கன் பெரிக்கு ஒரு மருத்துவ வரலாறும் உண்டு. அது சந்தைக்கு வந்த புதிதில், மலம் சிவப்பாகப் போனதால் ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுவனை ஆஸ்பத்திரியில் அனுமதித்தார்கள். உள்ளுக்குள் இரத்தம் போகுதோ எண்டு பயம். கடைசியில் பார்த்தால் காரணம் சீரியலில் இருந்த சாயம். 1972இல் மருத்துவ இதழ் ஒன்றில் அந்தச் சீரியலின் பெயரையே நோய்க்குறிக்கு வைத்து எழுதினார்கள். பிள்ளைக்கு ஒரு தீங்கும் இல்லை, சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் காலைச் சாப்பாட்டுக்கு அவ்வளவு சிவப்பு ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வி மிச்சம் இருக்கு. சுவைக்காக இல்லை, தட்டில் எடுப்பாகத் தெரியத்தான்.

தட்டைப் பற்றிக் கதைக்கத்தான் வேணும். ஏனென்றால் உண்மையான போட்டி கோப்பையில் நடக்கிறதில்லை, கடைத் தட்டில்தான் நடக்குது. 1972இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு கெலொக், ஜெனரல் மில்ஸ், ஜெனரல் ஃபூட்ஸ், குவேக்கர் ஆகிய நான்கு கொம்பனிகள் மேல் வழக்குப் போட்டது. சீரியல் சந்தையில் சுமார் 90 சதவீதம் இந்த நாலு பேரிடம் இருந்தது. குற்றச்சாட்டு சுவாரசியமானது. இவர்கள் ஒருவரோடொருவர் விலையில் போட்டி போடுவதில்லை. அதற்குப் பதிலாகப் புதிது புதிதாகப் பெயர்களை இறக்கித் தட்டை நிரப்பிவிடுகிறார்கள், வெளியில் இருந்து வருகிற சின்னக் கொம்பனிக்கு நிற்க இடமே இல்லை, ஆகவே இது நாலு பேர் பங்கு போட்ட ஏகபோகம் என்பதுதான் அது. 1950 தொடக்கம் அந்த இருபது சொச்ச வருசத்தில் பெரிய கொம்பனிகள் இறக்கிய பெயர்கள் சுமார் 80. பத்து வருசம் இழுபட்ட அந்த வழக்கு 1982இல் கைவிடப்பட்டது.

வழக்கு தோற்றது. வாதம் தோற்றது எண்டு நாங்கள் நினைக்கவில்லை. இன்றைக்குப் பருவகாலப் பெட்டி செய்கிறதும் அதே வேலைதான், இன்னும் மலிவாக. புதிதாக ஒரு சீரியலை உருவாக்கி நிலைநிறுத்தக் காசு வேணும், தோற்றால் நட்டம். அதே பழைய வளையத்தில் கொஞ்சம் மசாலாவைத் தூவி 'குறுகிய காலத்துக்கு மட்டும்' எண்டு எழுதினால் தோல்வி என்ற ஒன்றே கிடையாது. விற்றால் வெற்றி. விற்காவிட்டால் 'காலம் முடிஞ்சுது'. அந்த இரண்டு மாதமும் தட்டில் இன்னொரு முழ இடம் அதே கொம்பனிக்குச் சொந்தம்.

இனிச் சீனி. இந்தச் சாப்பாட்டின் தொடக்கக் கதையே சீனிக்கு எதிரானது. மிச்சிகன் மாநிலத்தின் பட்டில் கிறீக் நகரத்தில் மருத்துவர் ஜோன் ஹார்வி கெலொக் நடத்திய ஆரோக்கிய நிலையத்தில், நோயாளிகளுக்காகச் செய்யப்பட்ட சப்பென்ற உணவு அது. அதை வியாபாரமாக்கியது அவருடைய தம்பி வில் கெலொக். சீனி சேர்க்க வேணும் எண்டு தம்பி நிண்டார், கூடாது எண்டு அண்ணர் நிண்டார். 1906இல் தம்பி தனிக் கொம்பனி தொடங்கினார். யார் வென்றது எண்டு இன்றைக்கு எந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாலும் தெரியும். 1953இல் வந்த 'சுகர் ஸ்மாக்ஸ்' என்ற சீரியலில் பாதிக்கு மேல் சீனி. அந்தக் காலத்தில் அதைப் பெயரிலேயே பெருமையாகப் போட்டார்கள். சீனியைப் பற்றிப் பெற்றோர் கேள்வி கேட்கத் தொடங்கிய பிறகு, 1980களில் பெயரை 'ஹனி ஸ்மாக்ஸ்' ஆக்கினார்கள். சீனி தேன் ஆனது, பெயரளவில்.

பெயரை மாற்றினால் பொருள் மாறின மாதிரி இருக்கும் என்ற அந்தப் பாடத்தைத்தான் பருவகாலப் பெட்டிகளும் படித்திருக்கின்றன. பிள்ளைகளுக்கு இப்படி விளம்பரம் செய்வதைக் கட்டுப்படுத்த 1978இல் அதே ஆணைக்குழு முயன்றது. உணவு, விளையாட்டுப் பொருள், விளம்பரத் தொழில் எல்லாம் ஒன்றாக எதிர்த்தன. 1980இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஆணைக்குழுவின் கையையே கட்டிவிட்டது. நாலு வயதுப் பிள்ளைக்கு விளம்பரத்தையும் உண்மையையும் பிரித்தறியத் தெரியாது எண்டு சொல்லப் போனதற்குக் கிடைத்த தண்டனை அது.

ஆனால் எங்களுக்கு உண்மையில் கோபம் வந்த இடம் 2021. அந்த ஆண்டு ஒக்டோபர் 5ஆம் திகதி, பட்டில் கிறீக், ஒமாஹா, லங்காஸ்டர், மெம்ஃபிஸ் ஆகிய நான்கு நகரங்களின் கெலொக் ஆலைகளிலும் சுமார் 1,400 தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முக்கியமான பிரச்சினை இரண்டு தட்டுச் சம்பளம். பழைய தொழிலாளிக்கு ஒரு சம்பளமும் சலுகையும். பக்கத்தில் நிண்டு அதே இயந்திரத்தில் அதே வேலை செய்யும் புதியவருக்கு அதைவிடக் குறைவு. அந்தக் குறைந்த தட்டில் எத்தனை பேரை வைக்கலாம் என்பதற்கு இருந்த உச்சவரம்பை எடுத்துவிடக் கொம்பனி கேட்டது. நாளைக்குப் 12, 16 மணித்தியாலம், வாரத்துக்கு ஏழு நாளும் வேலை செய்ததாகத் தொழிலாளர் சொன்னார்கள். பெட்டிக்குப் பருவம் இருந்தது. அதை நிரப்பின ஆட்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கூட இருக்கேல்லை.

டிசெம்பரில், வேலைநிறுத்தக்காரருக்குப் பதிலாக நிரந்தரமாக வேறு ஆட்களை எடுக்கப் போவதாகக் கொம்பனி அறிவித்தது. அப்போது இணையத்தில் இருந்த இளைஞர்கள் செய்த வேலை எங்களுக்கு மிகவும் பிடித்தது. ஆட்சேர்ப்புப் பக்கத்தைப் போலி விண்ணப்பங்களால் நிரப்பித் திணறடித்தார்கள். டிசெம்பர் 21ஆம் திகதி புதிய ஒப்பந்தத்துக்குத் தொழிலாளர் வாக்களித்து வேலைக்குத் திரும்பினார்கள். ஹலோவீன் பெட்டி தொடங்கி நத்தார் பெட்டி வரைக்கும், 'பண்டிகைக் காலம்' முழுவதும், அந்தக் குடும்பங்கள் ஆலை வாசலில் குளிருக்குள் நிண்டன. எந்தச் சிறப்புப் பெட்டியிலும் இந்தப் பருவம் அச்சடிக்கப்படவில்லை.

அதோடு முடியவும் இல்லை. 2024 பெப்ரவரியில் வட அமெரிக்கச் சீரியல் வியாபாரத்தைக் கையில் வைத்திருந்த டபிள்யூ. கே. கெலொக் கொம்பனியின் தலைவர் தொலைக்காட்சியில் தோன்றி, செலவு நெருக்கிற குடும்பங்கள் இராச் சாப்பாட்டுக்கும் சீரியல் சாப்பிடலாம் என்கிற மாதிரிச் சொன்னார். காலையில் வேடிக்கையாக விற்றதை இரவில் வறுமைக்கு மருந்தாக விற்கிறார்கள். வாங்குகிறவர் ஒருவர்தான், பெட்டியும் அதுதான்.

இதில் எங்களுக்கு என்ன எண்டு கேட்பீர்கள். பூசணி மசாலாவை எடுங்கோ. அதில் பூசணிக்காய் கிடையாது. பூசணிப் பணியாரத்துக்குப் போடுகிற மசாலா அது: கறுவா, இஞ்சி, சாதிக்காய், கராம்பு. அமெரிக்க மசாலாக் கொம்பனி ஒன்று 1934இலேயே அதைக் கலந்து டப்பியில் விற்கத் தொடங்கியது. 2003இல் ஸ்டார்பக்ஸ் கோப்பியில் போட்டது. 2016இல் அது 'சீரியோஸ்' சீரியலிலும் ஏறியது. ஒவ்வொரு இலையுதிர் காலமும் அமெரிக்காவில் மணக்கிற 'பருவ' வாசனையின் தலை கறுவாதான்.

அந்தக் கறுவா எங்கட நாட்டுக் கறுவா எண்டு பெருமைப்படவும் வழியில்லை. அமெரிக்காவில் கறுவா என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி இந்தோனேசியா, வியட்நாம், சீனா பக்கத்துக் காசியாப் பட்டை. இலங்கைக் கறுவா வேறு இனம். 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் பெயருக்குப் புவிசார் பாதுகாப்புக் கொடுத்ததும் அதனால்தான். அதை உரிக்கிறவர்களிடம் போய்ப் பருவம் எண்டால் என்ன எண்டு கேளுங்கோ. காலி, மாத்தறைப் பக்கத்தில் மழை பெய்து, தடிக்குள் நீரோட்டம் ஏறினால்தான் பட்டை கழன்று வரும். வெளித்தோலைச் சுரண்டி, பித்தளைத் தடியால் தேய்த்து, கீறி, குழலுக்குள் குழல் வைத்து, நிழலில் காயவிட வேணும். நிலத்தில் குந்தியிருந்து நாள் முழுக்கச் செய்கிற வேலை. மழை பிந்தினால் வேலை பிந்தும், வருமானமும் பிந்தும். பருவம் எண்டால் அதுதான். மனிதர் கட்டளைக்கு வராதது. ஒல்லாந்தர் இந்த உரித்தலைத் தங்கட ஏகபோகமாக்கி, அனுமதியில்லாமல் உரித்தவனுக்கு மரண தண்டனை வரைக்கும் வைத்திருந்தார்கள். தட்டுப்பாட்டைச் செயற்கையாக உண்டாக்கி விலையை ஏற்றுகிற வித்தை புதிசில்லை. துப்பாக்கி போய்ப் பெட்டி வந்திருக்கு.

'சும்மா ஒரு சின்னச் சந்தோசம், அதையும் அரசியலாக்க வேணுமோ?' எண்டு கேக்கிறவை இருப்பினம். சின்னச் சந்தோசத்துக்கு நாங்கள் எதிரிகள் இல்லை. தைப்பொங்கலுக்கு மட்டும் பொங்குகிற சர்க்கரைப் பொங்கல், மாம்பழக் காலத்தில் மட்டும் கிடைக்கிற கறுத்தக்கொழும்பான், இவையும் குறுகிய காலத்துக்குத்தான். காத்திருக்கிறதில் ருசி கூடும் என்பதும் உண்மை. ஆனால் கறுத்தக்கொழும்பானுக்கு நாங்கள் காத்திருக்கிறது மரம் காய்க்க வேணும் என்பதால். கவுண்ட் சொக்கியூலாவுக்கு அமெரிக்கப் பிள்ளை காத்திருக்கிறது ஒரு அலுவலகத்தில் யாரோ அப்படித் தீர்மானித்ததால். முதலாவதில் மரத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் பிள்ளை ஏதோ ஒன்று படிக்குது. இரண்டாவதில் அது படிக்கிறது, கிடைக்காமல் போய்விடும் என்ற பயத்தை மட்டும்தான்.

எங்கட கடைகளிலும் இந்தப் பழக்கம் ஏறிக்கொண்டு வருது. சித்திரைக்கு ஒரு பொதி, நத்தாருக்கு ஒரு டின். ஆகவே ஒரு சின்ன வேலை சொல்லி முடிக்கிறம். இங்கே பானங்களுக்கு 2016இலும் பிறகு 2019இல் திண்ம உணவுகளுக்கும் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறியீட்டைச் சட்டமாக்கினார்கள்: சிவப்பு, செம்மஞ்சள், பச்சை. சிறப்புப் பதிப்பு ஒன்றைக் கண்டால் முன்பக்கத்துப் படத்தை விட்டிட்டு அந்த நிறத்தைத் தேடுங்கோ. பக்கத்தில் இருக்கிற சாதாரணப் பொதியோடு சீனியையும் நிறையையும் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கோ. பிறகு கூடக் கேக்கிற காசு எதுக்கு எண்டு கடைக்காரரிட்டக் கேளுங்கோ. அவருக்கும் தெரியாது. ஆனால் கேட்டவர் பத்துப் பேர் ஆனால், கொம்பனியின் ஆள் அடுத்த முறை வரும்போது அவரும் கேட்பார்.