கடன் நோட்டும் கடல் மைலும்

மணலியில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்குக் கடலைப் பற்றி என்ன பேச்சு என்று நம் சங்க உறுப்பினர்கள் சிலர் கேட்கக்கூடும். எர்ணாவூர், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் பக்கத்திலிருந்து அரிசிக்கும் பருப்புக்கும் வருகிறவர்கள் எத்தனை பேர் என்று அவரவர் கடன் நோட்டைப் புரட்டிப் பார்க்கட்டும். கேள்வி அங்கேயே அடங்கிவிடும்.

என் நோட்டிலிருந்து இரண்டு பக்கங்களைச் சொல்கிறேன். ஒன்று, பைபர் படகு வைத்துக் கரையோரம் நெத்திலிக்கும் சங்கராவுக்கும் வலை போடுகிற குடும்பம். மற்றொன்று, காசிமேட்டில் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர் குடும்பம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 2001-ல் 45 நாளாகத் தொடங்கியது, 2017 முதல் 61 நாளாகிவிட்டது. தடை விசைப்படகுகளுக்குத்தான். எனவே அந்த இரண்டு மாதமும் கூலிக்காரர் பக்கத்தில் பாக்கி ஏறிக்கொண்டே போகும். அரசு நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்துவதாக 2023-ல் அறிவித்தது, நல்லதுதான். ஆனால் 61 நாளுக்கு வகுத்தால் ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 131 ரூபாய் சொச்சம். அதில் என்ன வாங்க முடியும் என்று நமக்குத் தெரியாதா? விலைப் பட்டியல் எழுதுகிறவர்களே நாம்தானே!

படகுக்காரர் பக்கமோ நேர்மாறு. தடைக்காலத்தில்தான் அவர் பழைய பாக்கியை அடைக்கிறார். கரையோரத்தில் இழுவலைத் தொல்லை இல்லை, மீனுக்கும் விலை கிடைக்கிறது. ஜூன் 15-க்குப் பிறகு அவர் முகமே மாறிவிடும். “அண்ணாச்சி, ராத்திரி போட்ட வலையை அறுத்துக்கிட்டுப் போயிட்டானுங்க” என்று ஒரு நாள் வந்து நின்றார். வலை போனால் புது வலைக்குக் கடன், அந்தக் கடனுக்கு வாரவட்டி. அதற்குப் பிறகுதான் மளிகைக் கடைக்காரன் முறை.

இத்தனைக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1983-லேயே தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்துவிட்டது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலைக்கும் தடை உண்டு. சுருக்குமடி வலையை மாநில அரசு 2000-ல் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இடைக்கால உத்தரவாக, 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்ற நிபந்தனைகளோடு அதை அனுமதித்தது. நிபந்தனைகள் காகிதத்தில் தெளிவாகவே இருக்கின்றன. இருட்டில் கடலில் நின்று மைல் அளப்பவர் யார்?

விசைப்படகுக்காரர்களை விரோதியாக்குவது என் நோக்கமல்ல. அவர்களும் நம் வாடிக்கையாளர்கள். விதிப்படி ஆழத்துக்குப் போய் டீசலைச் செலவழிக்கிறவருக்கும் விதி மீறுகிறவனால் நஷ்டம்தான். பொடிக்கண்ணி வலையில் மீன் குஞ்சு வரை வாரி, கோழித் தீவனத்துக்கு அடிமாட்டு விலையில் தள்ளினால் அடுத்த ஆண்டு யாருக்கு என்ன மிஞ்சும்? நம்மில் கருவாடு மொத்த வியாபாரம் செய்கிறவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும். மலிவாக வருகிறதே என்று பொடிச் சரக்கை மூட்டை மூட்டையாக எடுப்பதும் அந்த வலைக்கு முதல் போடுவதும் ஒன்றுதான்.

கடலில் இப்படி என்றால் முகத்துவாரத்தில் வேறு கதை. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு நம் மணலிப் பக்கத்திலிருந்தே எண்ணெய் போய்க் கழிமுகத்தில் படிந்தது. காட்டுக்குப்பத்தார் படகும் வலையும் கறுத்து நின்றதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு. அப்போது அரிசி மூட்டை கொடுத்தோம், சரி. மூட்டை கொடுப்பது நமக்குச் சுலபம். அதிகாரிகளிடம் போய்ப் பேசுவதற்குத்தான் தயங்குகிறோம்.

மே 5 வணிகர் தினம் தடைக்காலத்தின் நட்டநடுவில் வருகிறது. அன்று மாநாட்டுப் பந்தலில் வரி பற்றியும் ஆன்லைன் வியாபாரம் பற்றியும் தீர்மானங்கள் போடுவோம், போடத்தான் வேண்டும். கூடவே, காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை 5 கடல் மைல் எல்லையில் மீன்வளத் துறை இரவு ரோந்தை முறையாக நடத்த வேண்டும், அறுபட்ட வலைக்கு ஈடு வழங்க வேண்டும் என்று ஒரு தீர்மானமும், தடைக்காலத்தில் மீனவர் பாக்கிக்கு நெருக்குவதில்லை என்று நமக்குள் ஓர் ஒப்பந்தமும் வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இதை நான் முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் முன்கூட்டியே பெயர் கொடுத்தால் உதவியாக இருக்கும்.