கல்வராயன் மலையில் ஒயின் திராட்சை: பந்தல் போடும் முன் கணக்குப் பாருங்கள்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அதன்பிறகு கல்வராயன் மலையில் ஊறல் அழிப்பு தீவிரமானது. மலைமக்களின் வாழ்வாதாரம் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. 'ஊறல் வேண்டாம், நாசிக் மாதிரி ஒயின் திராட்சை போட்டால் என்ன?' என்று நீங்களும் நினைத்திருக்கலாம். தவறான கேள்வி அல்ல. ஆனால் நாசிக்கில் நடந்தது என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அங்கே திராட்சை விவசாயம் ஒயினுக்கு முன்பே இருந்தது. 1990-களின் இறுதியில் ராஜீவ் சமந்த் சுலா நிறுவனத்தைத் தொடங்கி, 2000-ல் முதல் ஒயினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 2001-ல் மகாராஷ்டிர அரசு தனி ஒயின் கொள்கை அறிவித்தது. கர்நாடகமும் 2007-ல் அதேபோல் செய்தது. ஆலையும் சட்டமும் சேர்ந்து வந்ததால்தான் விவசாயிக்கு ஒப்பந்தம் கிடைத்தது.

ஒயினுக்கு ஏற்ற ரகங்களும் வேறு. வெள்ளை ஒயினுக்கு செனின் பிளாங், சாவிஞான் பிளாங். சிவப்புக்கு ஷிராஸ், கேபர்னே சாவிஞான். சிறிய பழம், தடித்த தோல், அதிக இனிப்பு. தரத்துக்காக மகசூலைக் குறைத்தே, ஏக்கருக்கு 5 டன் அளவில் நிறுத்துவார்கள். நம் பன்னீர் திராட்சையோ ஆண்டுக்கு ஏக்கருக்கு 12 டன் வரை தரும். ஆலை வாங்காவிட்டால் ஒயின் ரகத்தைச் சந்தையில் யாரும் தொடமாட்டார்கள். இதுதான் பெரிய ஆபத்து.

தமிழ்நாட்டில் திராட்சை மரபு என்றால் அது கம்பம் பள்ளத்தாக்குதான். கம்பம் பன்னீர் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஒயினுக்கும் ஏற்ற பழம் என்றாலும், அங்கேயே பெரும்பகுதி சாப்பிடும் பழமாகத்தான் விற்கிறது. ஆண்டு முழுவதும் அறுவடை கிடைப்பதுதான் அவர்களுக்குப் பலம். கம்பம் மலை மறைவில் இருக்கிறது. கல்வராயனில் வடகிழக்குப் பருவமழை நேரத்தில் கவாத்து செய்த கொடியில் அடிச்சாம்பல் நோய் வந்தால் மருந்துச் செலவு தாங்காது.

சட்டத்தையும் மறக்காதீர்கள். உரிமம் இல்லாமல் வீட்டுப் பானையில் நாவல் பழத்தை நொதிக்க வைத்து ஒயின் ஆக்கினாலும் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். 1987 முதல் கள்ளுக்கே இங்கு அனுமதி இல்லை. 2024-ல் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன.

ஒயின் ஆலை என்று சொல்லி யாராவது கன்று விற்க வந்தால், ஆலையின் உரிம நகலையும், எத்தனை ஆண்டுக்கு என்ன விலை என்ற எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தையும் கேளுங்கள். உங்கள் நிலத்தின் பட்டாவில் சிக்கல் இருந்தால் பந்தலுக்கு வங்கிக் கடன் கிடைப்பதும் கடினம். ஆசை விடவில்லையா? பத்து சென்ட்டில் பன்னீர் ரகத்தை வைத்து இரண்டு மழைக்காலம் பாருங்கள். பழம் தேறினால் பக்கத்து வாரச்சந்தையிலேயே விற்றுவிடலாம்.