புதிர் என்றால் இளக்காரமா?

குறுக்கெழுத்து வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு. சொல்லைப் பிரித்தும் ஒளித்தும் விளையாடும் அதன் ‘கிரிப்டிக்’ வகையோ ஆங்கிலத்துக்கே உரியது, தமிழுக்கு ஒவ்வாது. தமிழ்த்துறைகளில் நான் அடிக்கடி கேட்கும் தீர்ப்பு இது. தீர்ப்பு வழங்குகிறவர்கள் தண்டியலங்காரம் நடத்துகிறவர்கள் என்பதுதான் வேடிக்கை.

நம் வார இதழ்களில் பெரும்பாலும் காண்பது, “குளத்தில் பூக்கும் மலர் (3)” என்பது போன்ற குறிப்பு. தாமரையும் மூன்றெழுத்து, அல்லியும் மூன்றெழுத்து, குவளையும் மூன்றெழுத்து. எது விடை? குறுக்கே ஓடும் சொல் காட்டிக்கொடுத்தால் உண்டு. இதையே “கொடு மான், குளத்துப் பூ (3)” என்று எழுதிப் பாருங்கள். கொடு என்றால் தா. மான் என்பது மரை. அல்லிக்கும் குவளைக்கும் இனி இடமில்லை. பொருள் ஒரு வழியிலும் சொல்லமைப்பு மறுவழியிலும் வந்து ஒரே விடையில் கூடுகின்றன. இங்கிலாந்தின் ‘அப்சர்வர்’ இதழில் ‘ஸிமனீஸ்’ என்ற புனைபெயரில் புதிர் அமைத்த மக்நட், 1966-இல் தம் நூலில் வலியுறுத்திய நெறியும் இதுதான்: துல்லியமான பொருள், நேர்மையான சொற்குறிப்பு, இவற்றுக்கு மேல் எதுவும் மிகையாக இருக்கலாகாது.

இது நமக்கு அந்நியமா? எழுத்தை ஒவ்வொன்றாக நீக்க வெவ்வேறு சொல் பிறப்பது அக்கரச்சுதகம். ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுள் ஒளிந்திருப்பது கரந்துறைச் செய்யுள். வினாக்களின் விடைகளைக் கூட்ட ஒரு சொல் கிடைப்பது வினாவுத்தரம். இம்மூன்றையும் சித்திரகவி என்று பெயரிட்டு, இரண்டு மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்விக்கிறோம். உயிருள்ள ஒன்றைப் பாடம்செய்து கண்ணாடிப் பேழையில் வைத்துவிட்டு, அதே உயிர் வெளியே நடமாடினால் அந்நியம் என்கிறோம்.

உயிர்மெய்களைக் கலைத்து அடுக்குவது கடினம் என்பர். உண்மை, அவர்களுக்கு 26 எழுத்து, நமக்கு 247. எழுத்துமாற்றுக் குறிப்புகள் குறையும், அவ்வளவே. பிரிக்கவும் ஒளிக்கவும் தலையைக் கொய்யவும் என்ன தடை? அமெரிக்காவிலிருந்து வரும் ‘தென்றல்’ இதழில் இத்தகைய தமிழ்ப் புதிர்கள் வெளிவந்தே இருக்கின்றன.

“தலை போனாலும் ஈகை எஞ்சும் பதறாமை (4)”. படித்தவுடன் குமணன் நினைவுக்கு வருவான். அந்த நினைவுதான் பொறி. ‘தலை’யை முதலெழுத்து என்று கொள்ளும் கணத்தில், நிதானம் தன் ‘நி’யை இழந்து தானமாக நிற்கிறது.

சொல் தன் மேற்பொருளைக் காட்டி மறுபொருளை மறைக்கும் அந்தக் கணத்தைக் கண்டுகொள்வதற்குப் பெயர்தான் வாசிப்பு. சிலேடையையும் இறைச்சியையும் உரைநூலைப் பார்த்தே அறியும் மாணவர் தலைமுறையை உருவாக்கிவிட்டோம். உரையில்லாத ஒரு வரியின் முன் அவர்கள் திகைத்து நிற்கிறார்கள். அவர்களுக்கு வாரம் ஒரு புதிர் கொடுங்கள். சொல்லை நம்பாமல், எழுத்தெண்ணிப் படிக்கப் பழகுவார்கள். அதற்கு நேரமில்லை என்னும் பேராசிரியர்கள், தாங்கள் எதைக் கற்பிக்கிறோம் என்பதையாவது சொல்லட்டும்.